எந்த பிளாக்?

செல்போனைப் பற்றிக் கருத்துச் சொல்ல உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் தகுதி உண்டு, எனக்கு மட்டும் கிடையாது என்பது எங்கள் வீட்டில் முடிவான விஷயம். நம் செய்தியை யார் படிக்கிறார்கள், யார் நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று டிவியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு விவாதம் செய்ய ஆரம்பித்தால் போதும், என் வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "இதுல நீ என்ன சொல்ற?" என்பார். கேட்கும்போதே அவருக்குத் தோள் குலுங்கும். அந்தச் சிரிப்புக்குக் காரணமான சம்பவம் நாங்கள் நெய்வேலியில் இருந்தபோது நடந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒருவர் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே "எந்த பிளாக்?" என்றுதான் கேட்பார்கள். நிலக்கரிக் கம்பெனி கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ்களை பிளாக் பிளாக்காகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் வந்து இறங்கிய அன்று ஆட்டோக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பிறகு பால்காரர் கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோது பின்னால் நின்ற அம்மாளும் கேட்டார். வீடு என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் பிளாக் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அந்த ஊரில் ப்ரைவசி என்ற சரக்கே விற்பனைக்கு வந்ததில்லை. இவருக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது எனக்கு முன்னால் காய்கறிக்காரிக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தினால் ஏன் சாத்தினாய் என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். (சாத்தாவிட்டால் கேட்கவே வேண்டாம், பார்த்துக்கொள்வார்கள்.) இதற்காக நாங்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. ஒருநாள் வாசல் தெளிக்காமல் படுத்துக் கிடந்தால் ரசமும் மாத்திரையும் கையிலெடுத்துக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள் என்பது பெரிய தைரியமாக இருந்தது.

எங்களுக்கு ஒரே பெண், சுபா. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போன பிறகுதான் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. (பெரிதெல்லாம் ஒன்றுமில்லை. ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ்தான்.) அவள் சாப்பிடும் தட்டைக் கழுவி எடுத்து வைக்க மனசில்லாமல், அதிலேயே நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

முதல் சம்பளத்தில் அவள் எனக்கு ஒரு தொடுதிரை போன் வாங்கி வந்து, ஊரே பேசிக்கொள்ளும் அந்தப் பச்சை நிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். (இவர் தன் பழைய பட்டன் போனை விடமாட்டேன் என்றுவிட்டார்.) எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். சுபா பெயரைத் தொட்டால் அதற்குக் கீழே 'லாஸ்ட் சீன்' என்று ஒரு வரி வரும். அவள் கடைசியாக எத்தனை மணிக்கு அதைத் திறந்தாள் என்று காட்டும். அந்த ஒரு வரியிலிருந்து நான் ஒரு நாளையே கட்டி எழுப்பிவிடுவேன். காலையில் திறந்திருக்கிறாள், ஆகவே எழுந்துவிட்டாள். மத்தியானம் திறந்திருக்கிறாள், ஆகவே சாப்பிட்டிருப்பாள். இவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் பூஜை அலமாரியில் விளக்கேற்றிவிட்டு, நான் அடுத்துத் தரிசனம் செய்வது அந்த வரியைத்தான்.

பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்திருக்கியே, யார்கூடடி பேச்சு?"

"அம்மா, நீ என்னை வேவு பாக்குற."

"பெத்தவ பாத்தா வேவா?"

"ஆமா. எனக்கும் ப்ரைவசி வேணும்மா. நான் இருபத்தி நாலு வயசுப் பொண்ணு."

"செருப்பு வேணும்னு ஒரு தடவை தேடினேன், பத்து நாளா போனைத் திறந்தா செருப்பு செருப்பா வருது. எவனோ பாத்துக்கிட்டிருக்கான். அவன் பாத்தா பரவாயில்ல, அம்மா பாத்தா உனக்கு ப்ரைவசி போயிடுச்சா?"

இந்தக் கேள்வி நியாயமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சுபாவோ, "செட்டிங்ஸ்ல ப்ரைவசின்னு ஒண்ணு இருக்கும்மா. தயவுசெஞ்சு போய் அதைப் படிச்சுப் பாரு" என்று போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் பெயருக்குக் கீழே இருந்த வரி மறைந்துவிட்டது. மறைத்துவிட்டாள். பெயர் மட்டும் தனியாக நின்றது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ரோஷம் வந்தது. படித்துப் பார் என்றாயல்லவா, படிக்கிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

படித்தேன். எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வந்தபோது கடைசியில், 'பிளாக்டு கான்டாக்ட்ஸ்: நன்' என்று இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பிளாக்கில் எனக்குத் தெரிந்தவர் ஒருவருமே இல்லை என்று சொல்கிறது இந்த ஆப்! இருபத்தைந்து வருஷமாக ஒரே பிளாக்கில் குடியிருக்கிறேன், விநாயகர் சதுர்த்திக்கு பிளாக் முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்தவள் நான், எனக்கு நன்னா? (பின்னால் 'டு' என்று ஒரு வால் ஒட்டியிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஏதோ இங்கிலீஷ் மரியாதை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.) பக்கத்தில் ஆள் சேர்க்க ஒரு கூட்டல் குறி இருந்தது. சேர்த்தேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், முதல் ஆளாக சுபாவைத்தான் சேர்த்தேன். பெங்களூரில் இருந்தால் என்ன, அவள் எங்கள் பிளாக்குப் பெண். அடுத்துப் பக்கத்து வீட்டு செல்வி, செல்வியின் வீட்டுக்காரர், கோயில் கமிட்டி மாமி, கேஸ் சிலிண்டர் போடும் தம்பி என்று எல்லோரையும் சேர்த்துவிட்டு, பெரிய காரியம் முடித்த திருப்தியில் காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் போன் அமைதியாகிவிட்டது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்கள் வரவில்லை. ப்ரைவசி என்பது இதுதான் போலிருக்கிறது, நல்லதாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சுபாவிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ரோஷத்தை விழுங்கிவிட்டு 'சாப்டியா' என்று அடித்தேன். உடனே ஆப் குறுக்கே வந்தது. செய்தி அனுப்ப வேண்டுமானால் சுபாவை 'அன்பிளாக்' செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது.

என் வயிறு எரிந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! அந்த மாதம்தான், பெண் வேலைக்குப் போய்விட்டாள் என்று கம்பெனி ஆஸ்பத்திரிப் புத்தகத்திலிருந்து அவள் பெயரை எடுத்திருந்தார்கள். அது விதி, எல்லோருக்கும் உள்ளதுதான். இருந்தாலும் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை. இப்போது இந்த ஆப்பும் அவளை பிளாக்கை விட்டு எடுக்கவா என்று என்னிடமே கேட்கிறது. மாட்டேன் என்று கேன்சலை அமுக்கினேன். சாயங்காலம் மறுபடியும் முயன்றேன். மறுபடியும் கேட்டது, மறுபடியும் அமுக்கினேன். செய்தி போகாவிட்டால் போகட்டும், என் பெண்ணை நானே எடுக்க மாட்டேன்.

இதற்கு நடுவில் செல்வி வாசலில் என்னைப் பிடித்தாள். கம்மாபுரம் பக்கத்துப் பெண், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"இன்னாக்கா, என்னிய பிளாக் பண்ணிட்டீங்களாமே? எம் புள்ள சொல்றான்."

"ஆமா செல்வி" என்றேன் பெருமையாக. "உன்னை மட்டுமா? உன் வீட்டுக்காரரையும் சேர்த்துப் போட்டிருக்கேன்."

"அவரு இன்னாக்கா பண்ணாரு?"

"அவர் என்ன பண்ணணும்? உன்னைப் போட்டுட்டு அவரை விட்டா நல்லாவா இருக்கும்?"

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருசமா உங்க வூட்டுக் கொழம்பும் எங்க வூட்டுக் கொழம்பும் மாத்திகினு இருந்தோம். எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாங்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். (என் அறிவு அந்த நாட்களில் அப்படி வேலை செய்தது.)

பொங்கல் நெருங்கியது. சுபா இவருடைய போனுக்கு மட்டும் கூப்பிடுவாள், இரண்டு வார்த்தை பேசுவாள். "அம்மாகிட்ட குடுக்கவா?" என்று இவர் கேட்பதும், கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும் எனக்குத் தெரியும். ஒருநாள், "பொங்கலுக்கு வரலையாம், வேலை இருக்காம்" என்றார். பண்ருட்டிக்குப் போய் அவளுக்கென்று முந்திரிப்பருப்பு வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அந்த டப்பாவை மேல் அலமாரியில் கண்ணில் படாமல் தள்ளி வைத்தேன். பெண்ணே நம்மைப் பார்க்காதே என்று சொல்லிவிட்ட பிறகு அம்மாவுக்கு என்னதான் வேலை என்று அடுப்படியில் நின்றுகொண்டே அழுதேன். ஒரு வரி போதும், எத்தனை மணிக்குத் திறந்தாள் என்ற அந்த ஒரு வரி மட்டும் திரும்பி வந்தால் போதும், கேள்வியே கேட்க மாட்டேன் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

பொங்கலன்று காலை இவர் குளித்துக்கொண்டிருந்தபோது இவருடைய போன் அடித்தது. எடுத்தேன்.

"அப்பா?"

"நான்தான்."

"என்னை பிளாக் பண்ணிட்டல்லம்மா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"ஆமாடி. முதல் ஆளா உன்னைத்தான் பண்ணினேன்."

"அவ்வளவு கோபமா? அவனைப் பத்தித் தெரிஞ்சதும் ஒரு வார்த்தைகூடப் பேசாம பிளாக் பண்ணிடுவியா?"

'அவனை' என்றால் எவனை என்று எனக்குப் புரியவில்லை. அவள் விம்மிக்கொண்டே பேசினாள். "என்னை எடுக்கவே மாட்டியாம்மா?"

"உயிரே போனாலும் எடுக்க மாட்டேன்" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. "தினமும் அது எடுக்கவா எடுக்கவான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் கேன்சல், கேன்சல்னு அமுக்கிக்கிட்டே இருக்கேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்துல எடுத்தாங்க, சரின்னு விட்டேன். இதுல விடமாட்டேன். பெங்களூர் போனா என்ன, கல்யாணமே ஆனா என்ன, உன்னை நான் எடுக்க முடியாது."

மறுமுனையில் விம்மல் நின்றது.

"அம்மா..." என்றாள் மெதுவாக. "நீ எந்த பிளாக்கைச் சொல்ற?"

"நம்ம பிளாக்தான்டி. வேற எந்த பிளாக்?"

அதற்குப் பிறகு வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இவர் துண்டோடு ஓடி வந்து, நான் போனை வைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினார். அடுப்பில் பொங்கல் அதுபாட்டுக்குப் பொங்கி வழிந்தது, யாரும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். சண்டை போட்ட மறுநாள் சுபாவுக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தன்னோடு பேசிக்கொண்டிருந்த பையனைப் பற்றி (ஆபீசில் கூட வேலை பார்க்கும் தெலுங்குப் பையன் அவன்) எனக்கு நீளமாக ஒரு செய்தி எழுதி அனுப்பியிருக்கிறாள். எந்த நேரத்தில் யாரோடு பேசுகிறேன் என்று கேட்டாயே, இதோ சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அவ்வளவையும். அது என்னிடம் வந்து சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. என் போட்டோவும் அவளுக்கு மறைந்துவிட்டது. ஆக, அம்மாவுக்கு எப்படியோ விஷயம் முன்பே தெரிந்துவிட்டது, பிடிக்கவில்லை, தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று அறைத் தோழிகள் எல்லாம் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பையனிடம், இது வேண்டாம் என்று சொல்லும் வரைக்கும் போயிருக்கிறாள். ஒரு கேன்சல் பட்டனை அமுக்கி அமுக்கி, என் பெண்ணின் கல்யாணத்தை நானே கேன்சல் செய்யப் பார்த்திருக்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மேல் அலமாரி டப்பா கீழே வந்தது. முந்திரியைக் கொறித்துக்கொண்டே என் போனை வாங்கி, அவளே தன்னை அன்பிளாக் செய்துகொண்டாள். அமுக்குமுன் என்னைப் பார்த்து, "எடுக்கலாமாம்மா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்போதும் லேசாக வலித்தது. பிறகு செல்வி வீட்டுக்கு நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. அங்கேதான் ப்ரைவசி கிடையாதே.

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. சுபா அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் வாக்கியம், "அத்தை, நான் எந்த பிளாக்?" என்பது. பெண் கேட்டு வந்தபோது வாசலில் நின்று அதைத்தான் சொன்னார். இன்றுவரை வீட்டுக்குள் நுழையும்போது அதைச் சொல்லாமல் செருப்பைக் கழற்றியதில்லை. இருவரும் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். சுபா அந்த லாஸ்ட் சீன் வரியைத் திரும்பவும் திறந்துவிட்டாள். நான் பார்க்கிறேன், பார்ப்பது அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்பதில்லை.

அந்த நீளமான செய்தி மட்டும் எனக்கு வரவேயில்லை. பிளாக்கில் இருந்த நாட்களில் அனுப்பியது அப்புறம் எடுத்துவிட்டாலும் வராதாம். மறுபடி அனுப்பேன்டி என்று கெஞ்சியிருக்கிறேன். அந்தப் பழைய போன் போயே போய்விட்டது என்கிறாள். எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டாள்தான். இருந்தாலும் என்னைச் சமாதானப்படுத்த அவள் உட்கார்ந்து எழுதிய அந்த வார்த்தைகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பண்ருட்டியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே யாரும் எந்த பிளாக் என்று கேட்பதில்லை. காலி செய்த அன்று கம்பெனி ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, லாரி கிளம்பும்வரை அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. சுபாதான்.

'என்னம்மா, உன்னை அன்பிளாக் பண்ணிட்டாங்களா?'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் அடித்தேன். 'ஆமாடி. கேன்சல் அமுக்க விடல.'

இரண்டு டிக்கும் உடனே நீலமாகின.