ஈரம் காயாமலே தயாரான துணிகள்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம்தான், ஆனால் விடியும்வரைக்கும்தான். அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேலை இருக்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அம்மா பக்கத்திலேயே தூங்குவதால் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா மேற்பார்வை பார்க்கிற சலவைக் கடையில் முதலாளி ஒரு டேப்லெட் வாங்கி வைத்திருக்கிறார். இனிமேல் சீட்டு கிடையாது, எல்லாம் ஆப்தான், இந்த வாரத்துக்குள் எல்லோரும் பழகாவிட்டால் மேற்பார்வைக்கு வேறு ஆள் போடுவேன் என்று சொல்லிவிட்டார். அங்கேயோ யாரும் அதைத் தொடவே இல்லை. ஈரக் கை பட்டால் ஷாக் அடிக்கும் என்று துவைக்கிற அக்கா அதைத் துண்டு போட்டு மூடிவிட்டார். இஸ்திரி அண்ணன், "என்கிட்ட ஏற்கெனவே சூடா ஒண்ணு இருக்கு, அது போதும்" என்கிறார். அம்மாவுக்கும் தெரியாது. அதை வெளியே காட்டாமல், "பழகுங்க, பழகுங்க" என்று சத்தம் மட்டும் போடுவாள். அதனால் இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நானே போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

கடையில் கிடந்த துணியை எல்லாம் ஆப்பில் ஏற்றினோம். துணி போட்டவர்களின் பெயரையும் போன் நம்பரையும் கடை ஆட்களையே அடிக்கச் சொன்னேன், அப்போதுதானே கை பழகும். கடைசியில் "முடிந்தது" என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அமுக்கினால் டிங் என்று சத்தம் வந்து திரை முழுக்கப் பூ கொட்டும். அவ்வளவுதான் மாமா! "இங்க குடு, நான் ஒரு தடவை", "நீதான் அப்பவே அமுக்கிட்டேல்ல, தள்ளு" என்று ஒரே அடிதடி. இஸ்திரி அண்ணன் பெட்டியைச் சட்டை மேலேயே வெச்சுட்டு ஓடி வந்துட்டார், நல்லவேளை அது அவரோட சட்டை. எல்லாரும் என்னை "டீச்சரம்மா"ன்னு கூப்பிட்டாங்க, எனக்குத் தலைகால் புரியலை. வீட்டுக்கு வந்து, டேப்லெட்டோட வந்த விளக்கத் தாளைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பொத்தானை அமுக்கினா, "உங்கள் துணி தயார், காலையில் வந்து பெற்றுக்கொள்ளவும்"னு துணி போட்டவங்களுக்கே மெசேஜ் போயிடுமாம். துணி பாதி தொட்டியில ஊறுது, மீதி கொடியில சொட்டுது! காலையில முதலாளி வேற வர்றார்.

மாமா, கடை திறக்கிறதுக்கு முன்னாடி வந்து வாசல்ல நின்னு, உங்க பெரிய குரல்ல ஏதாவது சொல்லி எல்லாரையும் திருப்பி அனுப்பிடுங்க. பால்காரர் இங்கிருந்து உங்கள் தெருவுக்குத்தான் வருவார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

நடுங்கிக்கொண்டிருக்கும்,
உங்கள் மருமகள்

பி.கு.: வர வேண்டாம் மாமா. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா போனைப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டுவிட்டாள். "ஏண்டி, உங்கள் துணி தயார், உங்கள் துணி தயார்னு எனக்கு இத்தனை மெசேஜ் வந்திருக்கே, நான் எப்போடி துணி போட்டேன்?" எதுவானாலும் அம்மாவைக் கேள் என்பதுதான் அந்தக் கடையின் வழக்கம். அதனால் ஆப் நம்பர் கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஆள் அம்மா நம்பரையே போட்டிருக்கிறார்கள்! அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எல்லாரும் பழகிட்டாங்க சார், நம்பர் மட்டும் திருத்தணும்" என்று முதலாளிக்கு அவளே அனுப்பினாள். "அப்போ நீங்களே தொடர்ந்து பாருங்க" என்று உடனே பதில் வந்துவிட்டது. இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறாள். "வர வேண்டாம்னு ஏன் எழுதினே? வரச் சொல்லு உன் மாமனை. அவன் போட்ட கோட்டு ஒண்ணுதான் கடையில நிஜமாவே தயாரா கிடக்கு, போன வருஷத்திலேர்ந்து."