நிற்காத காரின் அதிகாரப்பூர்வ வரலாறு

பந்தயக் கார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று ஐம்பது வயதை எட்டிவிட்டால் அதற்கு ஒரு வரலாறு தேவைப்படுகிறது. அதுவரை அந்த நிறுவனத்திடம் இருந்தவை வெறும் கோப்புகள். அவற்றை வரலாறாக்கும் பொருட்டு 'பாரம்பரியப் பிரிவு' தொடங்கப்பட்டு, ஒரு தலைவரும் ஓர் எழுத்தரும் ஒரு சுழல் நாற்காலியும் நியமிக்கப்பட்டனர். நாற்காலி தலைவருக்கு, வேலை எழுத்தருக்கு.

முதல் அத்தியாயம் 'அரிய மாடல்கள்'. எழுத்தர் இரண்டு வாரம் தூசியில் தும்மிக்கொண்டே கோப்புகளைப் புரட்டினார். எல்லா அரிய மாடல்களும் ஒரே காரணத்தால்தான் அரியவையாகி இருந்தன. யாரும் வாங்கவில்லை. மழை பெய்தால் வெளியே இருப்பவனைவிட உள்ளே இருப்பவன் அதிகம் நனையும் கார் ஒன்று இருந்தது. மொத்தம் ஒன்பதுதான் செய்தார்கள். 'வாங்க ஆளில்லாமல் நிறுத்தப்பட்டது' என்று எழுத்தர் எழுதினார்.

தலைவர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'தகுதியுடையோர் ஒன்பது பேர் மட்டுமே என்பதால் ஒன்பதுடன் நிறைவு செய்யப்பட்டது' என்று திருத்தினார். பந்தயங்களில் வரிசையாகக் கடைசியில் வந்த காரைப் பற்றி, 'போட்டியிட்ட எல்லாக் கார்களையும் பின்னாலிருந்து முழுமையாகக் கண்ட ஒரே கார்' என்று எழுதவைத்தார். எழுத்தருக்குக் கை கூசியது. ஆனாலும் எழுதினார். சம்பளம் கைக்கு வருகிறது, கூச்சத்துக்கு அல்ல.

அடுத்தது ஏழாம் எண் பந்தயக் கார். இங்கேதான் சிக்கல். அதை ஓட்டியவர் எழுத்தரின் மாமனார். முப்பது வருடத்துக்கு முன் அது வளைவில் நிற்காமல் சுவரில் போய் மோதியது. அவருக்குக் கால் போயிற்று, வேலையும் போயிற்று. 'காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று நிறுவனம் பதிவு செய்துகொண்டது. "பிரேக் பிடிக்கல, நான் என்ன பண்ணுவேன்?" என்று அவர் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சம்பந்தி வீட்டார் நம்பவில்லை, அக்கம்பக்கம் நம்பவில்லை. எழுத்தரும் சாப்பாட்டு மேஜையில் தலையை ஆட்டுவாரே தவிர, நம்பியதில்லை.

கோப்பில் மூன்று கடிதங்கள் கிடைத்தன, மாமனாரின் கையெழுத்தில். முதலாவது, 'பிரேக் பிடிக்கவில்லை.' இரண்டாவது, 'பிரேக் இன்னும் பிடிக்கவில்லை.' மூன்றாவது, 'ஐயா, நாளை பந்தயம்.' மூன்றின் மேலும் 'பார்க்கப்பட்டது' என்ற முத்திரை அழகாக விழுந்திருந்தது. எழுத்தருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு நல்ல மனிதரைப் பொய்யராக நினைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

கடிதங்களை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனார்.

"சார், ஏழாம் எண் கார் மோதினது ஓட்டினவர் தப்பு இல்ல. பிரேக் கோளாறு. லெட்டர் இருக்கு."

தலைவர் மூன்றையும் படித்தார். "நிஜமாவே பிடிக்காதா?"

"பிடிக்காது சார்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "இதைப் போய் முப்பது வருஷமா மூடி வச்சிருந்தாங்களே, படுபாவிங்க! நாம இப்ப அதே காரை அப்படியே பன்னிரண்டு செஞ்சு விக்கப்போறோம்ல? இன்ஜினியருங்க பிரேக்கைச் சரி பண்ணித் தொலைச்சிட்டாங்க. அப்புறம் அது எப்படிய்யா அசல் ஆகும்?"

"சார், ஓட்டுறவங்க செத்துப்போவாங்க!"

"யாருய்யா ஓட்டப்போறா? ஓட்டினா மீட்டர் ஏறும். மீட்டர் ஏறினா விலை இறங்கும். வாங்குறவன் என்ன பைத்தியமா?"

தலைவரின் கணக்கு தப்பவில்லை. பிடிக்காத பிரேக்தான் இந்த வருட நாகரிகம் என்று பணக்கார வீடுகளில் பேச்சாயிற்று. "உறுதியா பிடிக்காதுதானே?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு காருக்கும் 'இவ்வாகனத்தின் பிரேக் எச்சூழ்நிலையிலும் பிடிக்காது' என்று முத்திரையிட்ட சான்றிதழ் வழங்கப்பட்டது. ஒருவர் மட்டும், தன் காரைக் கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தபோது பிரேக் லேசாகப் பிடித்ததாகப் புகார் கொடுத்தார். அன்றைக்கே இரண்டு மெக்கானிக்குகள் ஓடிப்போய் அந்தக் குறையை நீக்கி, மன்னிப்புக் கடிதமும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

புத்தகம் வெளிவந்த அன்று எழுத்தர் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். மாமனார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று அச்சிலேயே இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"இப்பவாவது நம்பினாங்களே, மாப்பிள்ளை. அப்ப புதுக் கார்ல பிரேக்கைச் சரி பண்ணிட்டாங்களா?"

"சரியா இருந்ததைக் கழட்டிட்டாங்க, மாமா. அதுக்குத்தான் விலை."

அவர் புத்தகத்தை மூடினார். "அப்ப இன்னும் யாரும் நம்பல, மாப்பிள்ளை" என்றார்.

மூன்று வருடம் போயிற்று. பன்னிரண்டு கார்களும் உறை போர்த்தியபடி பன்னிரண்டு கொட்டகைகளில் நின்றன. அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை எல்லாக் கார்களின் அந்த மூன்று வருட விபத்துக் கணக்கையும் எடுத்தது. மற்ற மாடல்கள் ஆயிரக்கணக்கில் மோதியிருக்க, இந்த மாடல் ஒரு முறைகூட மோதவில்லை. 'நாட்டின் மிகப் பாதுகாப்பான கார்' என்ற விருது அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பாதுகாப்புக்கு அடிப்படை என்ன என்று ஒரு குழு ஆராய்ந்து, மற்றக் கார்களில் இல்லாதது இந்த பிரேக் ஒன்றுதான் என்று ஒருமனதாக முடிவு செய்து, சாதாரணக் கார்களுக்கும் இதையே பரிந்துரைத்தது.

நிறுவனம் உடனே பணிந்தது. விருது பெற்ற பிரேக்குடன், நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற விலையில், ஐந்து பேர் உட்காரும் கார் வந்தது. முதல் வாரத்திலேயே நாற்பதாயிரம் பேர் பதிவு செய்தார்கள். தெருவில் மூன்று வீடு பதிவு செய்துவிட்டது என்று எழுத்தரின் மனைவி தினமும் நினைவூட்டினாள்.

விற்பனைக் கூடத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எழுத்தருடன் வந்திருந்த மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே முன்னால் போய், விற்பனையாளரிடம் சத்தமாகக் கேட்டார்.

"தம்பி, இதுல பிரேக் பிடிக்குமா?"

"சேச்சே, அதெல்லாம் பழைய மாடல்ல சார்."

"பிடிக்காட்டி எப்படிப்பா நிறுத்துறது?"

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருவர் பொறுமை இழந்து, "பெரியவரே, விருது வாங்கின கார் அது. வாங்கலன்னா வழி விடுங்க" என்றார்.

எழுத்தர் ஓடிப்போய் மாமனாரின் கையைப் பிடித்தார். "மாமா, எல்லாரும் பாக்குறாங்க. வாங்க, அந்தப் பக்கம் உட்காருங்க."

அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தன் இடம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் வேகமாகத் திரும்பி வந்து வரிசையில் நின்றுகொண்டார்.