மூன்றாவது தப்புக்கு அம்மா வருவார்

செனாய்,
14 ஆகஸ்ட் 2025, வியாழன், மாலை மணி 6.10.
இன்று நான் அடித்த தப்பான பாஸ்வேர்டு: மூன்று.

மதிப்பிற்குரிய மச்சான் ரோலண்ட் அவர்களுக்கு,

மைத்துனன் ஷான் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீங்களும் மெலிசா அக்காவும் தம்போயில் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும், லினக்ஸைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று என் கம்பெனி மடிக்கணினியை வாங்கினீர்கள். புதுப்பித்தீர்கள், சரி. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் கணினி திட்டுகிற அந்தப் பழைய விளையாட்டையும் ஏன் முடுக்கிவிட்டீர்கள்? நம் லினக்ஸ் நண்பர் கூட்டத்தில் பாதிப் பேர் வைத்திருப்பதுதான், தெரியும். ஆனால் மற்றவன் எல்லாம் திரையில் எழுத்தில்தான் திட்டு வாங்குகிறான். நீங்கள் அம்மாவின் குரலைப் பதிந்து வைத்திருக்கிறீர்கள்!

இன்று காலை பத்தரைக்குப் பினாங்கிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் முன்னால் நான் எழுதிய நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும், அது ஓடினால்தான் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேலாளர் பிரேமலா முன்பே சொல்லியிருந்தார், பெரிய திரை, பெரிய ஒலிபெருக்கி, நான் அவசரமாக பாஸ்வேர்டை அடிக்கிறேன், "கண்ண எங்கடா வச்சிருக்க, பொடனியிலயா?" என்று அறை முழுக்க அம்மா. பினாங்குக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிரேமலாவுக்குத் தமிழ் தெரியும், அவர் என்னை மட்டும் பார்த்தார். மறுபடி அடித்தேன். "மாடு மாதிரி வளந்திருக்க, ஒரு வார்த்த ஒழுங்கா அடிக்கத் தெரியல!" மூன்றாவது தடவையும் தப்பு. நமக்கெல்லாம் மனப்பாடமான அந்த வரி திரையில் வந்தது: இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும். யாரிடம் என்று யாருக்கும் தெரியாது, அதுதானே சனிக்கிழமைகளில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது? நீங்கள் அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டீர்கள். புகாரை லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் அம்மாவின் போனுக்குப் போக வைத்திருக்கிறீர்கள். அரை நிமிடத்தில் மேசையில் என் போன் அடித்தது. நான் பாய்வதற்குள் பிரேமலா, "அம்மா கூப்பிட்டா எடுக்கணும் லா" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"டேய் ஷானு, மூணு வாட்டியும் தப்பா அடிச்சியாமே? மருமகன் மெசேஜ் வந்திருக்கு."

"மீட்டிங்மா, வைம்மா!"

"இருடா. கீழ என்னமோ எழுதியிருக்காரு. 'பெரிய எழுத்து விளக்கு எரியுதான்னு பாக்கச் சொல்லுங்க.' எரியுதா?"

எரிந்தது, கேப்ஸ் லாக் விளக்கு. நான் எதில் தடுக்கி விழுவேன் என்பதை ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்திருக்கிறீர்கள்!

அணைத்தேன், நிரல் ஓடியது, யார் பார்த்தார்கள்? அம்மா திட்டுவது எந்த மொழியிலும் புரியும் போல, பினாங்குக்காரர்கள் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிரேமலா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வா, பேசணும்" என்றார்.

அது போதாதென்று அம்மாவின் திட்டுகளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பரப்பலாம் என்று இணையத்தில் வேறு ஏற்றியிருக்கிறீர்கள். பிரேசிலில் ஒருத்தன் நன்றி சொல்லியிருக்கிறான். இனி என் கணினியைத் தொடாதீர்கள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் வர மாட்டேன், என் பெயரை எடுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. தேவமாதா உங்களைக் காப்பாராக, என்னிடமிருந்தும்.

இப்படிக்கு, கோபம் தணியாத
ஷான்

பி.கு.: வெள்ளி, காலை 9.40. இந்தக் கடிதத்தை அனுப்புவதற்குள் பிரேமலாவின் அறைக்குப் போய் வந்துவிட்டேன். வேலை நிரந்தரம். பினாங்குக்காரர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டுமாம், அவர்களுடைய ஹொக்கியன் சீனத்தில். ஆகவே நான் செய்யப்போவது:

1. மேலே எழுதிய எதையும் அழிக்க மாட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள்.
2. ஹொக்கியனில் திட்டத் தெரிந்த ஒரு தாயாரைத் தேடுவேன்.
3. புகாரை அம்மாவுக்கே போக விடுவேன். நிறுத்தப் போகிறேன் என்றதற்கு, "அப்ப நீ தடுமாறுனா எனக்கு யாருடா சொல்லுவா?" என்று கேட்டுவிட்டார்.
4. சனிக்கிழமை வருவேன். அம்மா நேற்றிரவு புதிதாக எட்டுத் திட்டு பதிந்து அனுப்பியிருக்கிறார். ஏழு எனக்கு, ஒன்று உங்களுக்கு. உங்களுடையதைத்தான் முதலில் போடுவேன், எல்லார் முன்னாலும், ஒலிபெருக்கியில்.