மின்வெட்டும் முடிவெட்டும்

மின்வெட்டை உலகில் அடியோடு ஒழித்த மாமனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் அந்த ஊர் மின் அலுவலகத்தின் பெரிய பொறியாளர்தான். அவர் ஒரு கம்பியை மாற்றவில்லை, ஒரு கம்பத்தை நடவில்லை. ஒரே ஒரு சுற்றறிக்கை: "இனி 'மின்வெட்டு' என்று யாரும் சொல்லக் கூடாது. 'மின் ஓய்வு' என்றே சொல்ல வேண்டும்." அன்றிலிருந்து மின்வெட்டுப் புகார் ஒன்றுகூட வரவில்லை. இதற்கு விருது கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பார்கள்?

விருது விழா அன்று மாலை. விருது வாங்கும் தலை லட்சணமாக இருக்க வேண்டாமா? மதியமே சலூனுக்குப் போனார். சலூன்காரர் அவர் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, மெஷினை எடுத்து, வலது காதிலிருந்து உச்சிவரை மழமழவென்று ஓட்டினார். இடது பக்கம் திரும்பியதும் மெஷின் ஒரு முனகலோடு அடங்கியது. மின்விசிறியும் நின்றது.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். கரண்ட் ஓய்வெடுக்குது."

பொறியாளர் கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்கம் அதிகாரி, வலது பக்கம் ஆயுள் கைதி.

"கத்தரியால முடிச்சு விட்டுடுப்பா!"

"ஐயோ, மெஷின் போட்ட தலையில கத்தரி வச்சா படிக்கட்டு மாதிரி ஆயிடும் சார். கடைப் பேரு என்னாவறது?" என்றபடி, கத்தரி இருந்த இழுப்பறையைச் சலூன்காரர் இடுப்பால் தள்ளி மூடினார்.

பொறியாளர் தன் கையாலேயே திறந்து வைத்த 'மக்கள் குறைதீர் மைய'த்துக்குப் போன் போட்டார். நெடுநேரம் இனிய இசை. அப்புறம் ஓர் இனிய பெண் குரல்.

"கடைத்தெருவுல கரண்ட் இல்லம்மா!"

"எங்க கம்ப்யூட்டர்ல உங்க தெரு ஜகஜ்ஜோதியா எரியுதே சார்."

"நான் இங்க விசிறி ஓடாம வேர்த்து உட்கார்ந்திருக்கேன்!"

"அது உங்க 'அனுபவம்' சார். எங்ககிட்ட இருக்கிறது 'தகவல்'."

"மின்வெட்டும்மா, மின்வெட்டு!"

"அந்த வார்த்தையை எடுத்தாச்சு சார். பெரிய பொறியாளர் உத்தரவு."

"நான்தாம்மா அந்தப் பெரிய பொறியாளர்!"

"கரண்ட் போனா எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க." தொடர்பு அறுந்தது.

பக்கத்து ஐஸ் கடை அக்கா வாசலில் வந்து நின்றார். கையிலிருந்த டப்பாவில் ஐஸ்கிரீம் பாயசமாகத் தளும்பியது. "உங்களுக்குப் பாதி முடிதான் சார் போச்சு. எனக்குக் கடையே கரைஞ்சு ஓடுது. வாரா வாரம் இதே கூத்து."

பொறியாளர் மனம் கலங்கியது. தன் முடியை நினைத்துத்தான்.

வெள்ளைத் துணி பறக்கத் தெருவில் ஓடினார். தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் அடியில் லைன்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓடி வந்த கோலத்தைப் பார்த்துப் பயந்தவர், குரலைக் கேட்ட பிறகுதான் எழுந்து நின்றார்.

"ஃப்யூஸ்தான் சார் போயிருக்கு. போட்டா வந்துடும்."

"அப்ப ஏன்யா போடல?"

"புகார் வரலையே சார்! புகார் இல்லாம கை வச்சா மெமோ குடுப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பாதித் தலை முறைத்த முறைப்பில் ஃப்யூஸ் ஏறியது. தெரு முழுக்க விசிறிகள் சுழன்றன.

சலூன்காரர் பரம மரியாதையோடு இடது பக்கத்தையும் ஓட்டினார். காதுக்கு மேல் ஒரு கொத்து மிச்சமிருக்கையில் மெஷினை அணைத்துத் துணியை உதறினார்.

"யோவ், இதை யார் வெட்டுறது? விழாவுக்கு இப்படியேவா போறது?"

"போயிட்டு வாங்க சார், நாளைக்கு வெட்டிடலாம். நீங்க இந்த நாற்காலியில இருந்தாத்தானே தெருவுக்குக் கரண்ட் வருது? முழுசா வெட்டி அனுப்பிட்டா, அப்புறம் எங்களை யாரு சார் திரும்பிப் பார்ப்பா?"