பிரேக் கட்டை

“அப்பா, சைக்கிள் எனக்கு வேணும்.”

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிரபுதாஸ் நிமிர்ந்தார். அடுப்படியில் மார்த்தாளின் கை கரண்டியோடு நின்றது. சீலை கேளு, செருப்பு கேளு, அப்பா சைக்கிளை மட்டும் கேட்டுராத என்று மகளிடம் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்.

நேசமணி பி.எஸ்ஸி. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. குருவிகுளம் ரோட்டில் ஆறு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நேரத்துக்குப் பஸ் கிடையாது. விடுதியில் ஓர் அறை தருவதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தார்கள். “கல்யாணம் ஆகாத பிள்ள வெளிய தங்கப்படாது” என்று பிரபுதாஸ் அதை அன்றைக்கே தள்ளிவிட்டார்.

“தாரேன். ஆனா பிரேக் பிடிக்காதுட்டி,” என்றார் இப்போது, சாந்தமாக. “மேட்டுலேருந்து இறங்கி அடிகுழாய்க்கு முன்னால நிறுத்திக் காட்டு. எடுத்துட்டுப் போ.”

அவ்வளவுதானே? உராய்வைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவள் அவள்.

வெள்ளிக்கிழமை தேய்ந்த பிரேக் கட்டையைக் கழற்றிவிட்டு, பழைய லாரி டயரில் துண்டு வெட்டி மாட்டினாள். சைக்கிள் கிறீச்சிட்டது. தெரு நாய்கள் துரத்தின. வண்டி நிற்கவில்லை. அடிகுழாயடியில் பேச்சித்தாயின் குடம் சொட்டையானது.

“ஏட்டி பி.எஸ்ஸி! ஆளக் கொல்லவா படிச்ச?”

சனிக்கிழமை ரிம்மைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தாள். சொன்ன இடத்தில் நின்றது. ஞாயிறு காலை அப்பாவுக்குக் காட்ட ஏறினாள், வழுக்கிக்கொண்டு போனது. பேச்சித்தாய் சொட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வேதக்கோயிலுக்குப் போய்வந்து பிரேக் கம்பியை இறுக்கினாள். மேடேற மிதித்தால் பிடித்தது. இறங்கும்போது விட்டது.

“கர்த்தர் சித்தம் வேறயா இருக்கும் போல, மக்கா,” என்றார் பிரபுதாஸ். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, சர்டிபிகேட்டும் மாற்றுச்சேலையும் இருந்த பையைக் கேரியரில் கட்டி, முகம்மது ஹுசைனின் சைக்கிள் கடைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

“பாய், மூணு நாளா மல்லுக்கட்டுதேன். பிடிக்க மாட்டேங்கு.”

ஹுசைன் ரிம்மை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“எப்படிப் பிடிக்கும்? தேங்காயெண்ணெய்லா தடவியிருக்கு.”

“ஆரு தடவுனா?”

“உங்க அப்பாதான். வண்டி புதுசு கணக்கா மினுங்கணும்னாரு. ஓட்டாம வைக்கிற வண்டிதானேன்னு, தினம் விடியக்காலைல ரிம்முக்கு எண்ணெய் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். ராயகிரி மாப்பிள்ளைக்குக் குடுக்க வேண்டிய வண்டில்லா? அடுத்த மாசம் உங்களுக்குக் கல்யாணம்னு வீட்ல சொல்லலையா, டீச்சரம்மா?”

நேசமணி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். கேரியரிலிருந்த பையை அவிழ்த்துத் தோளில் மாட்டினாள்.

“மாப்பிள்ளை வந்தா மேட்டுலேருந்து ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, பாய். பேச்சித்தாய்க்கு மட்டும் முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருங்க.”

விடுதி அறைக்கு ஆறு மைல். நடக்க ஆரம்பித்தாள்.