பன்னிரண்டு டிகிரிக்காரர்

மாலை நாலு பத்துக்கு, அண்ணன் போய்விட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. மனைவி ஓடிவந்து சொன்னபோது நம் ஆள் ஒயின் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டார். முகம் வெளுத்தது. குளிர் வெளியே போய்விடாதபடி கதவைப் பதமாகச் சாத்திவிட்டு, அப்புறம் அழுதார்.

பன்னிரண்டு டிகிரிக்காரர் என்ற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிக்கிறவர் அல்ல, காக்கிறவர். பெட்டியின் நெற்றியிலேயே பன்னிரண்டு டிகிரி என்று எரிகிறது; அதை நம்பாமல் உள்ளே தண்ணீர் டம்ளரில் ஒரு தெர்மாமீட்டர், அதையும் நம்பாமல் மேல்தட்டில் இன்னொன்று, இரண்டுக்கும் அரை டிகிரி தகராறு வந்தால் பஞ்சாயத்துக்கு மூன்றாவது. பாட்டில்கள் அதிரக் கூடாதென்று வாஷிங் மெஷின் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது. கூடத்து ஏசி பகலெல்லாம் பெட்டிக்காக ஓடும். அடுப்படியில் மனைவி முந்தானையால் விசிறிக்கொள்வாள். மகளுக்குக் காய்ச்சல் என்றால்? கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா? தெர்மாமீட்டர்கள் வேலையில் இருக்கின்றன.

அந்தப் பெட்டியில் அண்ணன் கொடுத்த பாட்டிலும் ஒன்று உண்டு. தம்பி வீடு வாங்கியபோது, இருவரும் சேர்ந்து குடிக்கலாம் என்று கொண்டுவந்தது. ஒன்பது வருஷமாக, வரும்போதெல்லாம் அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதை நலம் விசாரிப்பார்.

"இன்னைக்காவது திறடா."

"தொடக் கூடாதுண்ணே. இன்னும் ரெண்டு வருஷம் அது தூங்கணும்."

"அது முழிக்கிறதுக்குள்ள நான் தூங்கிருவேன்."

வீடே சிரித்தது. நாற்பது பாட்டில் உள்ள வீட்டில் தக்கை எடுக்கும் திருகாணி ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்தவரும் அண்ணன்தான். போன மாதம் அவரே ஒன்று வாங்கிவந்தார். தம்பி மிகுந்த மரியாதையோடு அதை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

சாவுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "நாம இல்லாதப்ப கரண்ட் போச்சுன்னா?"

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "போகட்டும். குடிக்கணும்னு கேட்ட ஒரே ஆளும் போயாச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒயின் இல்லை, சரி. விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த பீங்கான் தட்டுகள், நல்ல நாளுக்கென்று மடிப்புக் கலையாத சட்டை, ஓய்வு கிடைத்ததும் போய்ப் பார்க்கவேண்டிய அக்கா? அவற்றையெல்லாம் எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள்?

அண்ணன் வாங்கித் தந்த திருகாணியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.