கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து வீரர்

ஐஸ் ஹொக்கி ஆடுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. ஐஸ்மேல் வழுக்கி வழுக்கி ஆடுவது ஓர் இனம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மட்டன் ரோல் தின்றபடி ஆடுவது மற்ற இனம். பல்லுடைவது முதலாவதற்கு, தொண்டை கட்டுவது இரண்டாவதற்கு. நாம் பார்க்கப்போவது இரண்டாவதை. பயப்படாதீர்கள், கடிக்காது. கத்தும்.

நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வாசுதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு வருமுன் சுவிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினவர். அங்கே ஒரு டிவி இருந்தது. டிவியில் ஐஸ் ஹொக்கி ஓடியது. போதாதா? பக்கத்து ஸ்ட்ரெத்தம் ஐஸ் அரங்கில் பயிற்சியாளருக்கே தெரியாத சங்கதியெல்லாம் இவருக்குத் தெரியும். இவர் உடம்பு ஐஸைத் தொட்டது ஒரேயொரு தடவை, சொந்தக் கடை வாசலில், அதுவும் இடுப்பால்.

இவருடைய செல்லம், அந்த அரங்கின் அணியில் ஆடும் கிருசாந்தன். பத்தொன்பது வயது, அலுமாரி மாதிரி உடம்பு, நல்ல வேகம், நல்ல கை. எதிரணிக்காரனைக் கண்டால் மட்டும் கையும் காலும் தோளும் சொந்தக்காரன் பேச்சைக் கேட்காது. குற்றம் செய்தவனை இரண்டு நிமிடம் உட்காரவைக்க அரங்கின் ஓரத்தில் ஒரு பெட்டி உண்டு. அதில் அவன் குடியிருந்த காலத்துக்குக் கவுன்சில் வீட்டு வரியே கேட்கலாம்.

"உவன் விளையாட வந்தவனோ, ஆளை விழுத்த வந்தவனோ?" என்பார் பக்கத்தில் இருக்கும் சிவானந்தன்.

"அடிக்கேல்லையடாப்பா. தோளாலை சுகம் விசாரிச்சவன்."

"அந்தாள் இன்னும் எழும்பேல்லை, அண்ணை."

"ஐஸ் குளிர்ச்சியாய் இருக்கு. சுகமாய்ப் படுத்திருக்கிறான்."

ஆனால் அன்று சங்கதி வேறு. பெரிய கழகம் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் வந்து மேல் வரிசையில் இருந்தார். கிருசாந்தனை அவருக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு ஒரு தடவை அந்தப் பெட்டிக்குள் போனாலோ, கதை முடிந்தது.

"அங்கிள், பிளீஸ், இண்டைக்கு மட்டும் கத்தாதேங்கோ," என்று கும்பிட்டாள் அவனுடைய அக்கா அஜந்தா. "உங்கட சத்தம் கேட்டா அவன் வெறி பிடிச்ச மாதிரி ஆகிடுவான்."

"நானோ? நான் எப்ப பிள்ளை கத்தினனான்?" என்று கத்தினார் வாசுதேவன்.

என்றாலும் வாக்குக் கொடுத்தார். வாய்க்குள் ஒரு ரோலை அடைத்தார். அது முடிய அடுத்தது. கிருசாந்தனும் யாரையும் இடிக்காமல், மிதிக்காமல், விழுந்த ஒருவனைக் கைபிடித்துத் தூக்கியும் விட்டு, தங்கப்பிள்ளையாய் ஆடினான். மேல் வரிசைக்காரர் தலையாட்டினார். அஜந்தா நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்துவிட்டாள். கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமம். கறுப்பு ரப்பர் வட்டு கிருசாந்தனின் மட்டையில், கோல் வலைக்கு முன்னால் அவன் கூட்டாளி தனியே நிற்கிறான், தள்ளிவிட்டால் போதும். ரோலும் முடிந்துவிட்டது.

"குடுடா தம்பி! குடு! குடு!"

கிருசாந்தன் கொடுத்தான். கூட்டாளிக்கு அல்ல, பக்கத்தில் வந்த எதிரணிக்காரனுக்கு. கொடுத்த கொடையில் கண்ணாடி அதிர்ந்து, வாசுதேவனின் தேத்தண்ணி கவிழ்ந்து, அடுத்த ஊரான குரோய்டனில் நின்ற பஸ்கூட இரண்டடி நகர்ந்திருக்கும். விசில். பெட்டி. மேல் வரிசைக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"நான் பாஸ் குடுக்கவெல்லோ சொன்னனான்!"

"அவனுக்கு அவ்வளவு தமிழ் எங்க தெரியும், அங்கிள்?" அஜந்தாவின் குரல் உடைந்தது. "அம்மா 'ரெண்டு குடுப்பன், ரெண்டு குடுப்பன்' எண்டு சொல்லியே வளர்த்தவ. எங்கட வீட்டில குடு எண்டா அடிதான்."

பெட்டிக்குள்ளிருந்து கிருசாந்தன் வாசுதேவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். சொன்னதைச் செய்த பிள்ளையின் சிரிப்பு. வாசுதேவனும் விரலை உயர்த்தினார், வேறென்ன செய்ய? பிறகு சிவானந்தன் பக்கம் திரும்பினார்.

"பாத்தியோ? சொன்ன உடனை செய்யிறான். உந்த மேலை இருந்த ஆளுக்குத்தான் ஆட்டம் விளங்கேல்லை."

சிரிக்கிறீர்கள். 'மனுசன் "பாஸ்" என்று இங்கிலீசில் கத்தியிருந்தால் பிள்ளை தப்பியிருப்பானே' என்று மனதுக்குள் ஏசவும் ஏசுகிறீர்கள். நல்லது. 'வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே' என்று ஏசவில்லை, பாருங்கள். ஆக, நீங்களும் கத்தித்தான் இருப்பீர்கள்.